பஞ்சு ஒட்டாத முகம்

காலை ஏழே முக்காலுக்குச் சங்கு அலறியது.

அந்தக் குளிர்பதனக் கிடங்கில் சங்குக்கு இரண்டு பாஷை உண்டு. ஒரே மூச்சில் நீளமாக அலறினால் எங்கோ அம்மோனியா கசிகிறது, எல்லோரும் வாசலைப் பார்த்து ஓட வேண்டும். விட்டு விட்டு மூன்று முறை அலறினால் முகச் சோதனை, எல்லோரும் முகத்தைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த பத்து மாதத்தில் சுருட்டை முதல் பாஷையைக் கேட்டதே இல்லை. இரண்டாவதைக் கேட்காத வேலை நாளே இல்லை.

சுருட்டை என்பது கம்ப்ரசர் அறையில் அவனுக்கு வைத்த பெயர். தலைமுடி சுருட்டை, தாடி முடியும் சுருட்டை. தலையில் சுருண்டால் அழகு. தாடையில் சுருண்டால், சவரம் செய்த மறுநாள் வெட்டுப்பட்ட நுனி திரும்பித் தோலுக்குள்ளேயே புகுந்துகொள்ளும். அந்த இடம் சிவக்கும், தடிக்கும், அரிக்கும். வேறு வேலையில் இருந்தால் நாலு நாள் கத்தியைத் தொடாமல் விட்டுவிடலாம். இங்கே விதி எண் பதினேழு இருந்தது.

விதியில் தப்பு சொல்ல முடியாது. கிடங்கைக் குளிர வைப்பது அம்மோனியா. அது கசிந்தால் கண்ணும் தொண்டையும் பொசுங்கிவிடும். உள்ளே போய் வால்வை அடைக்கிறவன் மாஸ்க் போட்டுக்கொள்ள வேண்டும். மாஸ்க்கின் ரப்பர் விளிம்பு முகத்தில் இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும். நடுவில் முடி இருந்தால் காற்று புகும். ஆகவே எல்லோரும் மழமழவென்று சவரம் செய்திருக்க வேண்டும். இதுவரைக்கும் நியாயம்தான். நியாயம் இதோடு நின்றிருந்தால் சுருட்டையும் நிம்மதியாக இருந்திருப்பான்.

பாதுகாப்பு அதிகாரி பஞ்சு வாங்கினார்.

மழமழப்பைக் கண்ணால் பார்த்துச் சொன்னால் ஆளுக்கு ஆள் மாறும், அளவுகோல் ஒன்று வேண்டும் என்று தலைமை அலுவலகத்துக்கு எழுதி அனுமதி வாங்கியிருந்தார். ஒரு சிட்டிகைப் பஞ்சை எடுத்து, தாடையிலிருந்து காது வரை, முடி வளரும் திசைக்கு நேர் எதிராக ஒரே இழுப்பு இழுப்பார். ஓர் இழை ஒட்டினாலும் பதிவேட்டில் ஓர் 'ஒட்டு'. மூன்று மாதத்துக்கு ஒரு பதிவேடு. அது மூடப்படுவதற்குள் மூன்று ஒட்டு விழுந்தால் மலைப்பக்க யூனிட்டுக்கு மாற்றல். அது நானூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தது.

இதையெல்லாம் செய்கிற அதிகாரிக்கு நெஞ்சு வரைக்கும் தாடி. சீவி, எண்ணெய் தடவி, நுனியை லேசாகச் சுருட்டி விட்ட தாடி. அறுபத்திரண்டு முகத்தைச் சோதித்து முடிப்பதற்குள் பறந்த பஞ்செல்லாம் அதில் போய் ஒட்டி, பனி விழுந்த மரம் மாதிரி நிற்பார். அவர் காதில் விழாத தூரத்தில் அவருக்குப் பெயர் தாடி சார்.

"முகத்தைத் தூக்கு" என்றார் தாடி சார்.

சுருட்டை தூக்கினான்.

"இன்னும்."

"இதுக்கு மேல கழுத்து போகாது சார்."

பஞ்சு இழுபட்டது. தாடி சார் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு அவன் கன்னத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"ஒட்டு!"

"சார், ஒரே ஒரு இழை சார். கண்ணுக்கே தெரியல."

"அம்மோனியா கண்ணுக்குத் தெரியுமாய்யா?"

பின்னால் நின்ற ஃபிட்டர் அண்ணன் முதுகில் தட்டி, "நகரு, நகரு. எனக்கு மூக்குல அரிக்குது. பஞ்சு வர்ற நேரத்துல தும்மினேன்னா அதுக்கு ஒரு ஒட்டு போடுவாரு" என்றார்.

மறுநாள் காலை சுருட்டை கண்ணாடி முன்னால் நின்று, கழுத்திலிருந்து மேல்நோக்கிக் கத்தியை ஓட்டினான். ஒரு முறை. சந்தேகம் வந்து இன்னொரு முறை. நேரமாகிவிட்டதால் நுரைகூடப் போடாமல் மூன்றாவது முறை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு குளியலறை வாசலில் வந்து நின்றாள் மனைவி. எட்டாவது மாதம்.

"என்னங்க, ஷேவ் பண்றீங்களா, சுவத்துல சுண்ணாம்பு சுரண்டறீங்களா?"

"ஒட்டு விழுந்திருக்குடி."

"விழட்டும். தோலு விழாம பார்த்துக்கோங்க."

"இன்னும் ரெண்டு விழுந்தா மலைக்கு அனுப்பிடுவாங்க."

அவள் சிரிப்பு நின்றது. போன வாரம்தான் டாக்டர் ரத்த அழுத்தம் ஏறுகிறது, தனியாக இருக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். அவளுக்கு அம்மா இல்லை. அவனுக்கு இருந்தது ஓர் அக்கா, அவளும் கடல் தாண்டி.

"திடீர்னு வலி எடுத்தா என்னை யாருங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவா?"

"நான்தான். மலைக்கெல்லாம் போக மாட்டேன்."

"நீங்க போக மாட்டீங்க. அவங்க அனுப்புவாங்க. இந்தப் பக்கம் கொஞ்சம் முடி நிக்குது பாருங்க, இதையும் எடுத்துடுங்க."

அன்றைக்குப் பஞ்சு ஒட்டவில்லை. ஆனால் சோதனை முடிந்தவர்கள் எல்லோரும் வாசலில் இருந்த கேனிலிருந்து ஊதா நிற லோஷனை இரண்டு கை அள்ளி முகத்தில் தேய்த்துக்கொள்ள வேண்டும் என்பது விதி பதினேழின் உட்பிரிவு. இருபது லிட்டர் கேன். முக்கால்வாசி ஸ்பிரிட், மீதி வாசனை. மூன்று தடவை சுரண்டின கன்னத்தில் அது பட்டதும் சுருட்டைக்குக் கண்ணில் பொறி பறந்தது. மத்தியானத்துக்குள் கழுத்து முழுக்க சிவப்புச் சிவப்பாகக் கொப்புளித்துவிட்டது.

"எரியுதுன்னா எழுதிக் கொடுய்யா. நிர்வாகம் எதுக்கு இருக்கு?" என்று தாடி சாரே 'எரிச்சல் அறிக்கை' படிவத்தை எடுத்து நீட்டினார்.

படிவத்தில் எரிச்சலுக்கான காரணம் மூன்றே மூன்று: நெருப்பு, நீராவி, ரசாயனம். கத்திக்குக் கட்டம் இல்லை. லோஷனும் ரசாயனம்தானே என்று சுருட்டை மூன்றாவதில் டிக் அடித்தான்.

அடித்த மூன்றாவது நிமிஷம் ரப்பர் பூட்ஸ் போட்ட இரண்டு பேர் ஓடி வந்தார்கள். ஒருவர் தோளைப் பிடித்தார், ஒருவர் காலைப் பிடித்தார். தூக்கிக்கொண்டு போய் அவசர ஷவரின் கீழே சட்டை பேண்ட்டோடு நிறுத்திச் சங்கிலியை இழுத்தார்கள். ரசாயனம் பட்டவனுக்குப் பதினைந்து நிமிஷம் தண்ணீர். தாடி சார் குடை பிடித்துக்கொண்டு ஸ்டாப்வாட்ச்சைப் பார்த்தார்.

"சார், இது லோஷன் சார்!"

"பேசாதேய்யா. வாய்க்குள்ள போயிடும்."

வேடிக்கை என்னவென்றால், குளிர்ந்த தண்ணீர் கன்னத்தில் விழ விழ எரிச்சல் அடங்கிக்கொண்டே வந்தது. பதினைந்தாவது நிமிஷத்தில் சுருட்டைக்கு முகம் இருப்பதே மறந்துவிட்டது. அந்த நிர்வாகம் அவனுக்குச் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான், அதையும் தெரியாமல் செய்தது.

"சார், இதையே தினமும் ஷேவ் பண்ணினதும் ரெண்டு நிமிஷம்..."

"புதுக் காயத்துக்குத்தான் ஷவர். பழைய காயத்துக்கு இல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்த தாடி சாரின் முகம் சட்டென்று வெளுத்தது. அவர் பார்வை வாசல் பக்கம் போயிருந்தது.

வாசலில் ஆளுயரப் பலகை. 'விபத்தில்லா நாட்கள்: 1204'. தலைமை அலுவலகத்திலிருந்து யார் வந்தாலும் அதன் கீழே நின்றுதான் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். ரசாயனக் காயம் என்றால் விபத்து. விபத்து என்றால் பலகை பூஜ்யத்துக்குப் போய்விடும்.

ஈரம் சொட்டச் சொட்ட சுருட்டையை அறைக்குள் அழைத்துப் போய், தன் நாற்காலியிலேயே உட்கார வைத்தார். புதுப் படிவம் ஒன்று வந்தது.

"இது விபத்து இல்லய்யா. இது உன் முகம். நீயா சுரண்டிக்கிட்டது. 'சவரச் சிவப்பு'ன்னு ஒரு வார்த்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுடு."

"போட்டா என்ன சார் ஆகும்?"

"பலகை அப்படியே இருக்கும்."

போட்டான். மை காயவில்லை. தாடி சார் இன்னொரு பதிவேட்டைத் திறந்தார்.

"சிவந்த தோல் மாஸ்க்குக்குத் தகுதி இல்லாத தோல். உட்பிரிவு நாலு. நீயே எழுதிக் கொடுத்திருக்கே. ரெண்டாவது ஒட்டு."

"சார்! நீங்கதானே எழுதச் சொன்னீங்க?"

"எழுதச் சொன்னது பாதுகாப்பு அதிகாரி. ஒட்டு போடறது சோதனை அதிகாரி."

"ரெண்டும் நீங்கதானே சார்?"

"அதனாலதான் வேலை சீக்கிரம் முடியுது."

அந்தப் பதிவேடு மூடி ஒட்டுகள் அழிவதற்கு இன்னும் இருபத்து மூன்று நாள் இருந்தது.

அந்த வாரமே முக நல வாரம் தொடங்கியது. கேன்டீனில் மேடை போட்டு, மேடையில் ஒரு கண்ணாடியை வைத்து, கண்ணாடிக்கு மாலை போட்டிருந்தார்கள். கம்ப்ரசர் அறையில் ஆள் குறைவு என்றாலும் ஒருவர் விடாமல் வந்தாக வேண்டும். தாடி சார் மைக்கைத் தட்டினார்.

"நண்பர்களே! பாதுகாப்பு எங்கே ஆரம்பிக்குது? வால்வுலயா? பைப்புலயா? இல்ல. கன்னத்துல ஆரம்பிக்குது! போன வருஷம் நம்ம கிடங்குல பதினோரு வால்வு பழுது. எத்தனையைச் சரி பண்ணினோம்? நாலு. அதை நான் மறைக்கல. ஆனா எத்தனை முகத்தைச் சரி பண்ணினோம்? அறுபத்திரண்டு! அறுபத்திரண்டுல அறுபத்திரண்டு! இது வேற எந்த யூனிட்லயாவது நடந்திருக்கா?"

முன்வரிசையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். ஃபிட்டர் அண்ணன் எழுந்தார்.

"சார், அந்த மூணாம் நம்பர் வால்வு ரெண்டு மாசமா கழுத்துல கசியற மாதிரி இருக்கு. எழுதியும் கொடுத்தாச்சு."

"இது முக நல வாரம். வால்வு வாரம் டிசம்பர்ல வருது."

"சரி சார், முகம் பத்தியே கேக்கறேன். உங்க தாடி?"

தாடி சாருக்குக் கோபமே வரவில்லை. ரொம்ப நாளாக யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர் மாதிரி புன்னகை செய்தார்.

"நல்ல கேள்வி. மாஸ்க் யாருக்கு? ஆபத்து நேரத்துல உள்ளே போறவனுக்கு. நான் வெளியே போறவன். அதுவும் முதல் ஆளா. எனக்கு எதுக்குய்யா மாஸ்க்?"

மறுபடியும் கைதட்டல். சுருட்டைக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. கம்ப்ரசர் அறை வாசலில் மாஸ்க் அலமாரி என்று எழுதிய இரும்பு அலமாரி ஒன்று உண்டு. அரக்கு முத்திரை வைத்துப் பூட்டியிருக்கும். சாவி தாடி சாரிடம்.

"சார், ஒரு தடவை மாஸ்க்கைப் போட்டுப் பழகிப் பார்க்கலாமா?"

"முதல்ல முகம் தயாராகட்டும். ரெண்டு ஒட்டு வச்சிக்கிட்டு மாஸ்க் கேக்கறான் பாரு!"

அன்று சாயங்காலம் சுருட்டை தெருமுனை சலூனில் போய் உட்கார்ந்தான். சலூன்காரர் அவன் தாடையைப் பிடித்து விளக்கு வெளிச்சத்தில் திருப்பினார்.

"யாரு தம்பி பண்ணினது? போலீசுல சொல்லலாம் போல இருக்கே."

"நானேதான் அண்ணே."

"ஒரு பிளேடை எத்தனை நாள் வச்சிருக்கே?"

"மூணு வாரம்."

"அது பிளேடு இல்ல, ரம்பம். தூக்கிப் போடு." விரலால் கழுத்தைத் தடவினார். "கன்னத்துல முடி கீழே பார்த்துப் போகுது. கழுத்துல பாரு, பக்கவாட்டுல சுத்திக்கிட்டுப் போகுது. முடி போற வழியிலதான் கத்தி போகணும். எதிர்த்துப் போனா உன்ன மாதிரி சுருட்டைக்கு வேர்கிட்ட வெட்டுப்பட்டு உள்ளேயே மடிஞ்சுக்கும்."

"எதிர்த்துப் போகலைன்னா பஞ்சு ஒட்டுது அண்ணே."

"பஞ்சா? முகத்துல எதுக்குப் பஞ்சு?"

சுருட்டை எல்லாவற்றையும் சொன்னான். சலூன்காரர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு முழுக்கக் கேட்டார். முப்பது வருஷமாக அடுத்தவர் முகத்தில் பிழைப்பவருக்கு இதைக் கேட்டுச் சிரிப்பு வரவில்லை.

"அவங்களுக்கு மனுஷன் மூஞ்சி வேண்டாம் தம்பி. கண்ணாடி மேஜை வேணும். சரி, எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். பத்து நிமிஷம் முன்னாடி எழுந்திரு. குளிச்சிட்டுத்தான் கத்தியைத் தொடணும். வெந்நீர்ல துண்டை நனைச்சுப் பிழிஞ்சு முகத்துல அஞ்சு நிமிஷம் போடு, முடி ஊறட்டும். நுரை போட்டதும் ரெண்டு நிமிஷம் விடு. கத்தியை அழுத்தாதே, அதோட கனமே போதும். முடி போற வழியில ஒரு தடவை. பத்தலைன்னா திரும்ப நுரை போட்டுக் குறுக்கால ஒரு தடவை. மேல பார்த்து மட்டும் போகவே போகாதே."

"அப்புறம்?"

"அப்புறம் பச்சைத் தண்ணியில நனைச்ச துண்டு. ஒத்தி எடு, தேய்க்காதே. அந்த ஊதாத் தண்ணியைத் தொடவே தொடாதே."

"தொடாம விட மாட்டாங்க அண்ணே."

"அப்போ தொட்ட கையோட துடைச்சிடு. ஈரத்துண்டு ஒண்ணு பையிலேயே இருக்கட்டும்."

மறுநாளிலிருந்து அந்த வீட்டில் காலை நேரம் மாறியது. மனைவி வெந்நீர் துண்டைப் பிழிந்து அவன் முகத்தில் போட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்காருவாள். அவன் வாய் மூடியிருக்கிற அந்த ஐந்து நிமிஷத்தில்தான் குழந்தைக்கு என்ன பெயர் வைப்பது என்கிற விவாதத்தில் அவள் ஜெயித்துக்கொண்டிருந்தாள். ஒரு வாரத்தில் கொப்புளங்கள் வற்றின. பத்து நாளில் கழுத்து பழைய நிறத்துக்கு வந்தது. குறுக்கே ஓட்டின சவரத்தில் பஞ்சும் ஒட்டவில்லை. தாடி சார் ஏமாற்றத்தோடு மூன்று முறை இழுத்துப் பார்த்தார். லோஷனை அள்ளி, நாலு அடி நடந்து, தூணுக்குப் பின்னால் போய் ஈரத்துண்டால் சுருட்டை அதைத் துடைத்துவிடுவான். ஃபிட்டர் அண்ணனும் அடுத்த வாரம் ஒரு துண்டோடு வந்தார்.

இருபத்து மூன்றாவது நாள் வந்தது. அன்று காலைச் சோதனையிலும் சுருட்டை தேறினான். சாயங்காலம் ஐந்து மணிக்குப் பழைய பதிவேடு மூடப்படும், ஒட்டுகள் அழியும். மத்தியானம் மனைவிக்கு போன் போட்டு, "இன்னும் மூணு மணி நேரம்தான்" என்றான்.

"யாரையும் முறைக்காம, எதையும் தொடாம ஒரு ஓரமா உக்காருங்க" என்றாள் அவள்.

மூன்றரைக்குச் சங்கு அலறியது. மூன்று முறை அலறும் என்று எல்லோரும் பழக்கத்தில் முகத்தைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். சங்கு நிற்கவில்லை. ஒரே மூச்சில் நீளமாக அலறிக்கொண்டே இருந்தது. அதற்குள் மூக்கைக் குத்திக்கொண்டு வாடை வந்துவிட்டது.

தாடி சார் சொன்ன சொல் தவறாதவர். முதல் ஆளாக வெளியே போனார். தாடி காற்றில் இரண்டாகப் பிரிந்து பறந்தது. சாவியும் அவரோடு போயிற்று.

"மூணாம் நம்பர்தான்!" என்று கத்தினார் ஃபிட்டர் அண்ணன். "வெளி வால்வை நான் மூடறேன். உள் வால்வை மூடலைன்னா கிடங்குக்குள்ள பரவிடும். அங்கே பன்னெண்டு பேர் பெட்டி அடுக்கிட்டு இருக்காங்கடா!"

"மாஸ்க்?"

ஃபிட்டர் அண்ணன் ஸ்பேனரை ஓங்கி அலமாரிப் பூட்டில் மூன்று அடி அடித்தார். அரக்கு தெறித்தது. கதவு திறந்தது. உள்ளே ஆறு கொக்கிகள். ஆறும் காலி. கீழிருந்து மேல் வரைக்கும் பஞ்சுச் சுருள்கள், பொட்டலம் பொட்டலமாக, ஒழுங்காக அடுக்கியிருந்தன.

சுருட்டை பைக்குள்ளிருந்து ஈரத்துண்டை உருவினான். குழாயில் இன்னொரு முறை நனைத்து, மூக்கையும் வாயையும் சுற்றிக் கட்டினான். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடினான்.

வால்வுச் சக்கரத்துக்குப் பதினாறு சுற்று. எட்டாவது சுற்றில் கண் தெரியவில்லை. பன்னிரண்டாவதில் மூச்சு விட்டான், ஈரத்துண்டு வழியாக ஒரு வாய் காற்று வந்தது, அது நெருப்பாக இருந்தாலும் காற்றாகவும் இருந்தது. பதினாறாவதில் சக்கரம் நின்றது. சுவரைத் தடவிக்கொண்டு வெளியே வந்து விழுந்தவனைப் பன்னிரண்டு பேரில் நாலு பேர் தூக்கிப்போய் ஷவரின் கீழே நிறுத்தினார்கள். இந்த முறை யாரும் படிவம் கேட்கவில்லை.

நாலரை மணிக்கு மைதானத்தில் எல்லோரையும் வரிசையாக நிறுத்தினார்கள். தாடி சார் தலை எண்ணினார். அறுபத்திரண்டு. யாருக்கும் உயிர் போகவில்லை. திருப்தியோடு வரிசையில் நடந்து வந்தவர் சுருட்டையின் முன்னால் நின்றார். கண்ணைச் சுற்றியும் நெற்றியிலும் துண்டு மூடாத இடமெல்லாம் ரத்தச் சிவப்பு.

"இது எப்படி ஆச்சு?"

"அம்மோனியா சார். உள்ளே போய் வால்வை மூடினேன்."

தாடி சார் திரும்பிப் பலகையைப் பார்த்தார். 1227. பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்துக்கு இருபத்தைந்து நிமிஷம்.

"அம்மோனியா பட்டா அது விபத்து. இங்கே விபத்து எதுவும் நடக்கல. ஆகவே இது சவரச் சிவப்பு."

"நெத்தியில யாரு சார் ஷேவ் பண்ணுவாங்க?" என்றார் ஃபிட்டர் அண்ணன்.

"அது அவனவன் பழக்கம்." பதிவேட்டில் பேனா ஓடியது. "மூணாவது ஒட்டு. திங்கட்கிழமை மலை யூனிட்ல ரிப்போர்ட் பண்ணு."

ஃபிட்டர் அண்ணன் கையில் வைத்திருந்த சுருட்டையின் பைக்குள் போன் அதிர்ந்தது. மனைவி. ஐந்து மணி ஆகிவிட்டதா என்று கேட்கக் கூப்பிடுகிறாள். அவன் அதை எடுக்கவில்லை. பத்து மாதமாகத் தூக்கிக் காட்டிய முகத்தை முதல் முறையாக இறக்கி, தாடி சாரை நேராகப் பார்த்தான். குரல் கரகரத்தது.

"சார், எந்த மாஸ்க்குக்காக நான் தினமும் தோலை உரிச்சேனோ, அந்த மாஸ்க் எங்கே சார்?"

தாடி சார் தாடியில் ஒட்டியிருந்த பஞ்சை நிதானமாக எடுத்து ஊதிவிட்டார்.

"வந்த அன்னிக்கே ரெண்டு வாட்ச்மேனுக்குப் போட்டுப் பார்த்தோம்யா. ரப்பர் பட்டுக் கன்னமெல்லாம் சிவந்துபோச்சு. இதைப் போட்டா ஒருத்தன் சோதனையில தேற மாட்டான்னு ஆறையும் அப்படியே திருப்பி அனுப்பிட்டேன்."